கவுண்டவுன் ஏன் பாதியில் நிற்கிறது? சந்திரயான்-2 இரவும் ஆக்சியம்-4 அட்டவணையும்

வடசேரிவாசி, நாகர்கோவில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இரண்டு அனுபவங்களைச் சொல்லிவிட்டு என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

2019ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி இரவு, அப்போது இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகளை மடியில் தூங்கவைத்தபடி, ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு முழுக்க ரயில், அங்கிருந்து சூலூர்பேட்டைக்கு இன்னொரு பயணம், கையில் கட்டிக்கொண்டு போன இட்லியும் நேந்திரங்காய் சிப்ஸும். சந்திரயான்-2 விடியற்காலை 2.51க்குப் புறப்பட வேண்டும். 56 நிமிடம் 24 விநாடி மீதமிருந்தபோது கடிகாரம் நின்றது. ஏவுகலத்தில் தொழில்நுட்பக் கோளாறு தெரிந்ததால் நிறுத்தியிருக்கிறோம் என்று சிறிது நேரத்தில் அறிவித்தார்கள். அதே ராக்கெட் ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43க்கு ஒழுங்காகப் புறப்பட்டது. அதை நாங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம்.

இரண்டாவது, 2025இல் சுபான்சு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போன ஆக்சியம்-4 பயணம். இப்போது எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட அதே மகள், அறிவிக்கப்பட்ட நேரங்களை ஒரு நோட்டில் இந்திய நேரப்படி எழுதிக்கொண்டே வந்தாள். மே 29 இரவு 10.33, ஜூன் 8 மாலை 6.41, ஜூன் 10 மாலை 5.52, ஜூன் 11 மாலை 5.30, கடைசியில் உண்மையாகவே புறப்பட்டது ஜூன் 25 பகல் 12.01. தேதி பின்னால் போகப்போக நேரம் மட்டும் முன்னால் வருகிறதே, அது ஏன் என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் சொந்தச் சந்தேகங்கள் வேறு. தேதி குறிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சோதித்திருப்பார்கள் அல்லவா? அப்படியானால் கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக என்ன கோளாறு வந்துவிடுகிறது? இருபது மணி நேரக் கவுண்டவுனில் அத்தனை நேரமும் என்னதான் செய்கிறார்கள்? ஒரு கோளாறு தெரிந்தால் அதைச் சரிசெய்துவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மகளுக்கும் படித்துக் காட்டுவேன்.

ஆரல்வாய்மொழிக்காரர் (ஓய்வு):

வடசேரி நண்பருக்கு வணக்கம். மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் திரவ எரிபொருள் கையாளும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மலை நமக்குத் தலைமாட்டில் இருந்தாலும் வளாகம் திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் சேர்ந்தது என்பதை, பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளாதபடி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கவுண்டவுன் என்றால் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வேலைப் பட்டியல். எந்த வேலை எதற்குப் பின்னால் வர வேண்டும், எது முடியாமல் எதைத் தொடங்கக் கூடாது என்பதை, புறப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிவைத்த பட்டியல். நம் ஊர்க் கல்யாண விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறியை முந்தைய இரவே நறுக்கிவிடலாம். பாயசத்துக்கு வேண்டிய தேங்காய்ப்பாலை விடியற்காலையில் பிழியலாம். ஆனால் பப்படத்தை இலை போடுவதற்குச் சற்று முன்னால்தான் பொரிக்க வேண்டும். முந்தைய நாளே பொரித்துவைத்தால் நமுத்துப்போகும். ராக்கெட்டிலும் பப்படம் போன்ற பொருள்கள் இருக்கின்றன. தாமதத்துக்கான காரணம் பெரும்பாலும் அவற்றில்தான் கிடக்கிறது.

பி.எஸ்.எல்.வி.யை எடுத்துக்கொண்டால், அதன் முதல் கட்டத்தில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்குகளில் அடியில் உள்ளதில், சுமார் 138 டன் திட எரிபொருள் முன்கூட்டியே வார்க்கப்பட்டு, இறுகி, ரப்பர் போல உட்கார்ந்திருக்கும். ஏவுதளத்தில் அதற்குள் நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் திரவ எரிபொருள் நிரப்ப வேண்டும். இரண்டாம் கட்டத்தின் விகாஸ் எஞ்சினுக்கு உரிய எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றிக்கொள்ளும், இரண்டுமே நச்சு. ஆகவே ஒன்றை நிரப்பி முடித்து, குழாய்களைச் சுத்தப்படுத்தி, கசிவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மற்றொன்றைத் தொட முடியும். அந்த நேரத்தில் தேவையில்லாத ஒருவர்கூட ஏவுதளத்தில் இருக்கக் கூடாது என்பதால், ஆள்களை வெளியேற்றுவதும் திரும்ப அழைப்பதும்கூடப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். நடுவே உயர் அழுத்த வாயு ஏற்றுவது, மின்கலங்களைச் சரிபார்ப்பது, செயற்கைக்கோளுடன் பேசிப்பார்ப்பது, பராமரிப்புக் கோபுரத்தைப் பின்னுக்கு நகர்த்துவது என்று போகும். பட்டியலின் நீளம் ராக்கெட்டுக்கு ராக்கெட் மாறும். செவ்வாய்க்குப் போன மங்கள்யானுக்கு 56 மணி 30 நிமிடம். சந்திரயான்-2க்கு 20 மணி நேரம். பெரும்பாலும் திட எரிபொருளில் ஓடும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு, 2023 பிப்ரவரியில் வெற்றிபெற்ற பயணத்தின்போது, ஆறரை மணி நேரமே போதுமாக இருந்தது.

இப்போது பப்படத்துக்கு வருகிறேன். சந்திரயானைச் சுமந்த ஏவுகலத்தின் மேல் கட்டம் கிரையோஜெனிக் வகையைச் சேர்ந்தது. அதில் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸிலும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் இருக்கும். ஊற்றிய கணத்திலிருந்தே அவை கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கும் என்பதால், அவற்றைக் கடைசிச் சில மணி நேரங்களில்தான் நிரப்புவார்கள். நிரப்பிய பிறகும் குறைவதை ஈடுகட்டிக்கொண்டே இருப்பார்கள்.

முன்பே சோதித்திருப்பார்களே என்று நீங்கள் கேட்டதற்கு விடை இந்தக் குளிரில்தான் இருக்கிறது. ஆம், சோதித்திருப்பார்கள், ஒவ்வொரு வால்வையும் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதித்திருப்பார்கள். ஆனால் அறை வெப்பத்தில் கச்சிதமாகப் பொருந்தும் இணைப்பு, மைனஸ் 253 டிகிரியில் உலோகம் சுருங்கியதும் மயிரிழை விலகலாம்; மென்மையாக இருந்த அடைப்பான் கல்லாக இறுகலாம். ஹைட்ரஜனோ மூலக்கூறுகளிலேயே மிகச் சிறியது. மற்ற வாயுக்கள் நுழைய முடியாத இடுக்கிலும் அது நுழைந்துவிடும். முழு ராக்கெட்டும் அதன் குளிர்ந்த நிலையில், அதன் முழு அழுத்தத்தில், எல்லாக் கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் நிலையில் இருப்பது அந்தக் கடைசிச் சில மணி நேரங்களில் மட்டும்தான். சில கோளாறுகளுக்கு வெளியே வருவதற்கு வேறு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அப்படி வெளிப்பட்ட பிறகு, ஏறிப் பார்த்து முடுக்கிவிட்டு வரலாமே என்றால், எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டின் பக்கத்தில் ஆளை அனுப்ப முடியாது. முதலில் அத்தனை எரிபொருளையும் வெளியேற்ற வேண்டும். தொட்டியையும் குழாய்களையும் மந்த வாயுவால் துப்புரவாக்க வேண்டும். சாதாரண வெப்பநிலைக்கு மெல்லத் திரும்ப விட வேண்டும். அதன் பிறகே ஒருவர் கையில் கருவியுடன் அருகே போகலாம். 2019இல் இவ்வளவையும் செய்து, காரணத்தைக் கண்டு, சரிசெய்து, மறுபடியும் முதலிலிருந்து கவுண்டவுன் தொடங்கி ஒரே வாரத்தில் ஏவினார்கள் என்பது என் கண்ணுக்குத் தாமதமாகத் தெரியவில்லை, வேகமாகத்தான் தெரிகிறது. உங்கள் இட்லி வீணானதற்கு மட்டும் வருத்தம்.

எல்லாத் தடங்கலும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடாது. 2013 ஆகஸ்ட் 19ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி.-டி5 புறப்படுவதற்கு 74 நிமிடம் இருக்கையில், இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் தொட்டியிலிருந்து கசிவு தெரிந்து நிறுத்தினார்கள். ராக்கெட்டையே ஏவுதளத்திலிருந்து கூடத்துக்குத் திருப்பிக்கொண்டுபோய், வேறு அலுமினியக் கலவையில் செய்த தொட்டியுடன் புதிய இரண்டாம் கட்டத்தைப் பொருத்தி, 2014 ஜனவரி 5ஆம் தேதி ஏவினார்கள். நம் நாட்டில் உருவான கிரையோஜெனிக் எஞ்சினுடன் ஜி.எஸ்.எல்.வி. வெற்றிபெற்றது அன்றுதான் முதல் முறை. அந்தத் திட்டத்தை அப்போது நடத்தியவர் நம் சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன், 2019 ஜூலை இரவில் நீங்கள் மாடத்தில் உட்கார்ந்திருந்தபோது இஸ்ரோவின் தலைவராக இருந்தவரும் அவரே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10, 2020 மார்ச் 5 அன்று போக வேண்டியது. ஒரு நாள் முன்பு தள்ளிவைக்கப்பட்டு, நோய்த்தொற்றுக் காலமும் குறுக்கிட, 2021 ஆகஸ்ட் 12ஆம் தேதி புறப்பட்டது. கீழ்க் கட்டங்கள் இரண்டும் நன்றாக வேலை செய்தன. ஆனால் ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தத்தைக் காக்கும் வால்வில் இருந்த மென்மையான அடைப்பான் ஒன்று பழுதாகி, அழுத்தம் குறைந்துபோனதால், கிரையோஜெனிக் எஞ்சின் சரியாகப் பற்றவில்லை. செயற்கைக்கோள் கடலில் போய்விட்டது. ஓர் அடைப்பானின் விலை என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மகளின் நேரக் கணக்கு என் துறையன்று. இங்கே இயற்பியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார், அவரிடம் விட்டுவிடுகிறேன்.

இயற்பியல் ஆசிரியை, மார்த்தாண்டம்:

என்னை இழுத்துவிட்டதற்கு நன்றி, ஐயா. அந்த மாணவிக்கு முதலில் என் பாராட்டு. தேதியையும் நேரத்தையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்திருக்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றும் பாதையை, பூமியைச் சுற்றிச் சாய்வாக மாட்டிய ஒரு பெரிய வளையம் என்று கற்பனை செய்யச் சொல்லுங்கள். நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்த வளையம். அந்த வளையம் ஏறக்குறைய நிலையாக நிற்க, அதற்குள்ளே பூமி சுழல்கிறது. பூமியின்மேல் இருக்கும் ஏவுதளமும் சேர்ந்து சுழன்று, வளையத்துக்கு நேர் அடியில் வரும் கணத்தில் ராக்கெட் கிளம்பினால், அதே தளத்தில் ஏறி நிலையத்தை எட்டலாம். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் ராக்கெட் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கும். விண்வெளியில் பக்கவாட்டுத் திருப்பம்போல எரிபொருளைக் குடிப்பது வேறெதுவும் இல்லை. ஆகவே அன்றைக்கு இல்லையென்றால் அடுத்த முறை ஏவுதளம் வளையத்துக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை எப்போது வரும்? இருபத்து நான்கு மணி நேரம் கழித்து என்று சொல்லத் தோன்றும். சூரியனை வைத்து அளந்தால்தான் பூமியின் ஒரு சுற்று 24 மணி நேரம்; நட்சத்திரங்களை வைத்து அளந்தால் அது 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நேற்றைவிட இன்று ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதும் இதனால்தான். வளையம் சூரியனோடு கட்டப்பட்டதன்று என்பதால், முதலில் இந்த நான்கு நிமிடம் முன்னே வருகிறது. இரண்டாவதாக, பூமி சரியான உருண்டையாக இல்லாமல் நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதால், அந்தப் பருமனின் ஈர்ப்பு வளையத்தையே நாளொன்றுக்குச் சுமார் 5 டிகிரி மேற்கே நகர்த்துகிறது. 5 டிகிரி சுழலப் பூமிக்கு 20 நிமிடம் ஆகும். மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் ஏவுதளத்தை நோக்கி வளையம் எதிரே நடந்துவருவதால், இரண்டும் சந்திப்பதும் அந்த அளவுக்கு முந்திவிடுகிறது. 20ஐயும் 4ஐயும் கூட்டினால் 24. உங்கள் மகளின் நோட்டில் இருக்கும் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் எடுத்து, நேரம் எத்தனை நிமிடம் முன்னே வந்திருக்கிறது என்று கண்டு, நாள்களால் வகுக்கச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் ஓரிரு நிமிடம் ஏறி இறங்கும். ஆனால் சராசரி எங்கே வருகிறது என்று பார்க்கட்டும். விடையை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டால் என்ன என்ற தந்தையின் கேள்விக்கும் பாதி விடை இதிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதி, ஐயா சொன்ன பப்படம். ஆக்சியம்-4 குழுவைச் சுமந்த ஃபால்கன்-9 ராக்கெட்டில், வழக்கத்தைவிட அதிகமாகக் குளிர்வித்த ஆக்சிஜனைப் புறப்பாட்டுக்கு 35 நிமிடத்துக்கு முன்புதான் ஏற்றத் தொடங்குகிறார்கள். விண்வெளி வீரர்கள் உள்ளே அமர்ந்த பிறகே அது நடக்கிறது. குளிர்ந்த திரவம் அடர்த்தியாக இருப்பதால் தொட்டியில் அதிகம் கொள்ளும். ஆனால் நிறுத்திவைத்தால் சூடேறிப் பெருத்துவிடும். ஆகவே நிரப்பத் தொடங்கிய பிறகு பெரிய தடங்கல் வந்தால், பொதுவாக அன்றைய முயற்சி அத்தோடு முடிந்தது.

எல்லாப் பயணத்துக்கும் வாய்ப்பு இத்தனை குறுகலாக இருப்பதில்லை. மங்கள்யான் 2013 அக்டோபர் 28இல் புறப்படுவதாக இருந்தது. ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. நான்காம் கட்டம் தென் பசிபிக்கின் மேல் பற்றும்போது சமிக்ஞைகளைப் பிடிக்க இரண்டு கப்பல்கள் அங்கே நிற்க வேண்டியிருந்தது. மோசமான வானிலையால் அவற்றில் ஒன்று குறித்த நேரத்தில் போய்ச்சேரவில்லை. நவம்பர் 19 வரை வாய்ப்பு இருந்ததால் நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார்கள். அந்த நவம்பரையும் விட்டிருந்தால், பூமியும் செவ்வாயும் மறுபடி வாகாக அமைய 26 மாதம் ஆகியிருக்கும். இதற்கு நேர்மாறாக, 2024 டிசம்பர் 30 இரவு 9.58க்குப் போக வேண்டிய ஸ்பேடெக்ஸ் (விண்வெளியில் இரண்டு கலங்களை இணைத்துப் பார்க்கும் இஸ்ரோவின் சோதனை) இரண்டே நிமிடம் தள்ளி 10 மணிக்குப் போனது. மேலே போகும் வழியில் வேறொரு செயற்கைக்கோளுக்கு மிக அருகில் வந்துவிடக் கூடாது என்பதே காரணம். தண்டவாளத்தில் இன்னொரு ரயில் கடந்து போகட்டும் என்று இரணியல் நிலையத்தில் நம் ரயிலை நிறுத்திவைப்பதுபோலத்தான். என்ன, இங்கே இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

குளச்சல் படகுக்காரர்:

ஆரல்வாய்மொழி அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் வணக்கம். எனக்கு இதில் இரண்டு கேள்விகள். ஒன்று வானத்தைப் பற்றியது, மற்றொன்று கடலைப் பற்றியது.

ஆக்சியம்-4 ஜூன் 10இலிருந்து 11க்குத் தள்ளிப்போனதற்கு வானிலையைக் காரணமாகச் சொன்னார்கள். நாங்கள் கடலில் காற்றைப் பார்த்துத்தான் பிழைக்கிறோம்; ஒக்கிப் புயலுக்குப் பிறகு எச்சரிக்கையை யாரும் இளக்காரமாக நினைப்பதும் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் பல முறை பார்த்திருக்கிறேன்: வானம் பளிச்சென்று இருக்கிறது, ஏவுதளத்துக் கொடி அசையக்கூட இல்லை, ஆனாலும் காற்று சரியில்லை என்று நிறுத்துகிறார்கள். அது எந்தக் காற்று?

அடுத்தது, தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய புதிய ஏவுதளம். அங்கிருந்து ராக்கெட் தெற்கு நோக்கிப் போகும் என்கிறார்கள். குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்னும் மீன்வளப் பகுதியில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய உண்டு. ஒரு நாள் விலகியிருங்கள் என்றால் விலகியிருக்கலாம். கவுண்டவுன் நின்று, நாளை, மறுநாள் என்று இழுத்துக்கொண்டு போனால், ஐஸும் டீசலும் போட்டுவிட்டுக் காத்திருப்பவனுக்கு அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்? ராக்கெட்டுக்கு நான் எதிரி இல்லை. மாடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தாமதம் ஏமாற்றம். எங்களுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஏறும்.

ஆரல்வாய்மொழிக்காரர் (ஓய்வு):

குளச்சல் தம்பியின் கேள்விகள் இரண்டும் நியாயமானவை.

காற்று என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் வீசுவதை. தரையில் கொடி அசையாத நேரத்தில் அங்கே பெருங்காற்று அடித்துக்கொண்டிருக்கலாம். அதைவிட முக்கியம், ஓர் அடுக்கில் ஒரு திசையிலும் அதற்குச் சற்று மேலே இன்னொரு திசையிலும் காற்று மாறி வீசுவது. நீரோட்டம் மேலே ஒரு பக்கமும் அடியில் ஒரு பக்கமும் இழுத்தால் வலை என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராக்கெட் நீளமானது, உடல் மெலிந்தது, அந்த உயரத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பக்கக் காற்றின் அழுத்தம் அதை ஒடிக்கப் பார்க்கும். அதனால்தான் கவுண்டவுனின்போது பலூன்களை விட்டு மேல்காற்றை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

மழையைவிட மின்னலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். தூறலில் நனைந்தபடியே பி.எஸ்.எல்.வி. புறப்பட்டிருக்கிறது. ஆனால் ராக்கெட்டும் அதன் பின்னால் நீளும் சூடான புகைவாலும் சேர்ந்து மின்சாரத்துக்கு ஒரு நீளமான கம்பிபோல ஆகிவிடுவதால், தானாக மின்னல் வெட்டாத மேகத்திலும் அது மின்னலை வரவழைத்துவிடும். 1969 நவம்பர் 14ஆம் தேதி அப்போலோ-12, புறப்பட்ட முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியும் தப்பியது. 1987 மார்ச்சில் அட்லஸ்-சென்டார் ராக்கெட் ஒன்று அவ்வாறு தப்பவில்லை. மின்னலால் அதன் கணினி குழம்பி, திசை தவறி, அழிக்கப்பட வேண்டியதாயிற்று.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்கக் கூடாது என்பதால் நடுவழியில் வளைந்து போகிறது. பெரிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு தாங்கும். 500 கிலோ அளவுக்குச் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்தச் செலவு பெரிது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே கடல்தான் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எரிந்து முடிந்த கட்டங்கள் விழும் பகுதிகளை முன்கூட்டியே குறித்து, விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அறிவிப்புக் கொடுப்பதும், குறித்த மணி நேரத்துக்கு அங்கே யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். தடைசெய்த பகுதிக்குள் ஒரு படகு நுழைந்துவிட்டது என்பதற்காகவே கவுண்டவுன்கள் நின்றிருக்கின்றன. புறப்பாடு தள்ளிப்போனால் அந்தத் தடையும் மறுநாள் திரும்ப வரும் என்று நீங்கள் சொல்வது சரி. எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று பெரிய கட்டங்களும் திட எரிபொருளில் ஓடுவதால், நான் முன்பு சொன்ன குளிர்த் தொல்லை அதற்கு இல்லை. ஆகவே தாமதங்கள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் டீசல் செலவுக்கு அது பதிலாகாது. இழப்பீட்டுக் கேள்வியை, முதல் ராக்கெட் போவதற்கு முன்பே, உங்கள் சங்கங்கள் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவதுதான் நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

வடசேரிவாசி, நாகர்கோவில்:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. 2023 அக்டோபரில் ககன்யான் சோதனை ராக்கெட், எண்ணிக்கை ஐந்துக்கு வந்த பிறகு நின்றுபோனதைப் பார்த்தோம். ஐந்து விநாடியில் ஒரு மனிதர் எதைக் கண்டுபிடித்து, யாரிடம் சொல்லி, எப்படி நிறுத்துகிறார்?

ஆரல்வாய்மொழிக்காரர் (ஓய்வு):

எந்த மனிதரும் நிறுத்துவதில்லை. கடைசிக் கட்டத்தில் திட்ட இயக்குநர் அனுமதி கொடுத்த பிறகு, பொறுப்பு கணினியின் கைக்குப் போய்விடுகிறது. அழுத்தம், வெப்பம், மின்னழுத்தம், வால்வுகளின் நிலை என்று நூற்றுக்கணக்கான அளவுகளைக் கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று குறித்த எல்லைக்கு வெளியே போனால், யாரையும் கேட்காமல் நிறுத்திவிடும். அக்டோபர் 21 அன்று நடந்தது அதுதான். காலை எட்டு மணிக்குப் போக வேண்டியது, வானிலையால் முதலில் 8.30க்கும் பிறகு 8.45க்கும் தள்ளிப்போயிற்று, கடைசி ஐந்தாம் விநாடியில் தரைக் கணினி நிறுத்தியது. கண்காணிப்பில் இருந்த ஒரு முரண்பாட்டை விரைவிலேயே கண்டுபிடித்து, பத்து மணிக்கு ஏவிவிட்டார்கள். தொட்டிகளில் இருந்தது சாதாரண வெப்பநிலையிலேயே தங்கும் எரிபொருள் என்பதால் அது முடிந்தது. கிரையோஜெனிக் கட்டம் இருந்திருந்தால் அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

கடைசி விநாடிகளுக்கு இன்னொரு முக்கியமான பயன் இருக்கிறது. திரவ எஞ்சினைப் பற்றவைத்த பிறகும் அணைக்கலாம். திட எரிபொருள் பற்றினால் பற்றியதுதான், அணைக்க வழியே இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்த ராக்கெட்டுகளில், முடிந்தால் திரவ எஞ்சின்களை முதலில் எரியவிட்டு, முழு வேகம் வந்ததா என்று பார்த்த பிறகே திடப் பகுதிக்குத் தீ வைப்பார்கள். ஜி.எஸ்.எல்.வி.யில் பக்கவாட்டில் உள்ள நான்கு திரவ எஞ்சின்களும் 4.8 விநாடிக்கு முன்பே எரியத் தொடங்கும். 2001 மார்ச் 28ஆம் தேதி, முதல் ஜி.எஸ்.எல்.வி.யில் அந்த நான்கில் ஒன்று தேவையான உந்துவிசையைத் தரவில்லை. மேலெழ ஒரு விநாடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. சுற்றிலும் தீயும் புகையும் எழுந்து, ராக்கெட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. திடப் பகுதி பற்றாததால் அது முழுசாகத் தப்பித்து, ஏப்ரல் 18ஆம் தேதி புறப்பட்டது. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்திலும் இதே முறைதான்: மூன்று திரவ எஞ்சின்களும் 6.6 விநாடிக்கு முன்பு பற்றும். 1994 ஆகஸ்டில் ஒரு முறை, 1.9 விநாடி மீதமிருக்கும்போது, உள்ளே ஆறு பேர் உட்கார்ந்திருக்க, எல்லா எஞ்சின்களும் தாமாக அணைந்தன.

சந்திரயானைச் சுமந்த எல்.வி.எம்.-3 மட்டும் வேறு வகை. அதில் இரண்டு பெரிய திட ராக்கெட்டுகள்தான் தரையில் பற்றுகின்றன. நடுவில் உள்ள திரவக் கட்டம் சுமார் இரண்டு நிமிடம் கழித்து வானத்தில்தான் பற்றும். தரையில் எரியவிட்டுப் பார்க்கும் வசதி அதற்கு இல்லை. சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் இருக்கும்போதே அவர்கள் அவ்வளவு தயக்கமின்றி நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஆக்சியம்-4இலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஏவுதளத்தில் ஏழு விநாடி எஞ்சினை எரியவிட்டுப் பார்த்தபோது ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. அதனால்தான் ஜூன் 11 கைவிடப்பட்டது. அதைச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகே அனுப்ப வேண்டும் என்ற முடிவில் பங்கெடுத்த இஸ்ரோ குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் வி. நாராயணன், மேலக்காட்டுவிளைக்காரர், கிரையோஜெனிக் எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்தவர். அதன் பிறகு விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த கசிவைப் பற்றிய ஆய்வும் சேர்ந்துகொண்டதால், தேதி ஜூன் 25 வரை நகர்ந்தது.

வடசேரிவாசி, நாகர்கோவில்:

டீச்சர், மகள் கணக்கைப் போட்டுவிட்டாள். மே 29 இரவு 10.33இலிருந்து ஜூன் 25 பகல் 12.01 வரை 27 நாள். நேரம் முன்னே வந்தது 10 மணி 32 நிமிடம், அதாவது 632 நிமிடம். வகுத்தால் 23.4 வருகிறது. ஜூன் 11இலிருந்து 25 வரை மட்டும் தனியாகப் பார்த்தால் 14 நாளுக்கு 329 நிமிடம், நாளுக்கு 23.5. நீங்கள் சொன்ன 24க்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் நம்பவில்லை, அவள் நம்பியிருந்தாள். ஒருவேளை ஜூன் 30 வரை தள்ளிப்போயிருந்தால் எத்தனை மணிக்குப் புறப்பட்டிருக்கும் என்றும் கணக்கிட்டு, நோட்டின் கடைசி வரியில் பென்சிலால் ‘காலை 10.04’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.